இரும்பைத் தொட்டுக்கொண்டு வாசிக்கவும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு ஒரு பட்டாணி ஜாடியிலிருந்து கிடைத்தது. ஜனவரி பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை மத்தியானம், ஸ்காட்லாந்துக் கரையிலுள்ள எங்கள் ஸ்கார்நெஸ் ஊர் மீனவர் கூடத்து வாசலில் எஃபி ஸ்லேட்டர் அந்த ஜாடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். உள்ளே வருகிறவர்கள் எவராவது "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டால் ஒரு காய்ந்த பட்டாணியை அதில் போட வேண்டும். பிரமாதம் என்று சொல்லலாம், ஜோர் என்று சொல்லலாம், அபாரம், அட்டகாசம், அமர்க்களம், எது வேண்டுமானாலும் சொல்லலாம். "நல்லாருக்கு" மட்டும் கூடாது. கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் நான் மூன்று பட்டாணி போட்டேன். கதை எழுதுகிறவள் என்று வெளியே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

எஃபி எங்கள் ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். ஒரு பொருளுக்குப் பல சொற்களைத் திரட்டித் தருகிற அகராதி இருக்கிறதே, நம் நிகண்டு மாதிரி, அதற்கென்று வருடத்தில் ஒரு நாள் உண்டு. அது ஜனவரி பதினெட்டு. "கிறிஸ்மஸும் முடிஞ்சுபோச்சு, வெயில் வர்றதுக்கு இன்னும் நாலு மாசம் கெடக்கு. அதுவரைக்கும் பேசித்தான் பொழுதப் போக்கணும். பேசுறதப் புதுசாப் பேசித் தொலைப்போமே" என்று சொல்லி ஊரையே கூட்டிவிட்டாள். பக்கத்து ஊர் இன்வர்டாரிக்காரர்களையும் போட்டிக்குக் கூப்பிட்டிருந்தாள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கதை ஒரு சொல்லைப் பற்றியது. அந்தச் சொல்லை நான் எழுதப்போவதில்லை.

பயப்படாதீர்கள், புதிர் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், மணி அடிக்கிற உயரமான கட்டடத்தில், கறுப்பு அங்கியோடு மேடையேறி, ஜெபம் செய்து, ஜனங்களுக்கு நல்லது சொல்கிறாரே, அவரைக் குறிக்கிற சொல்தான் அது. தமிழில் அதற்கு எனக்குத் தெரிந்தே ஐந்து சொற்கள் உண்டு. உங்களுக்கும் தெரியும். ஐந்தில் ஒன்றுகூட இங்கே வராது. என் கணவர் ஃபின்லே 'லிலியஸ்' என்கிற படகில் வேலை பார்க்கிறார். எங்கள் கரையில் மீன்பிடிக்கப் போகிற வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கடலுக்கு ஆகாது.

[இதே மாதிரி ஆகாதவை இன்னும் மூன்று உண்டு. சேற்றில் புரளுகிற நாலுகால் ஒன்று. நீளக்காது ஒன்று. ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறுகிற சிவப்பு மீன் ஒன்று. மீன்பிடிக்கிற ஊரில் ஒரு மீனின் பெயரையே சொல்லக்கூடாது என்றால் எப்படி என்று கேட்காதீர்கள். பத்தொன்பது வருடம் முன்னால், கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் கேட்டேன். எல்லாரும் எழுந்து போய்க் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டார்கள். வாய் தவறிவிட்டால் உடனே குளிர்ந்த இரும்பைத் தொட வேண்டும், அதுதான் பரிகாரம்.]

2

எங்கிருந்து தொடங்குவது என்று சனிக்கிழமை ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: "எர்ச்சி மெயர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடல் அவரை"

கடல் அவரை என்ன? ஒன்றும் செய்யவில்லை. எர்ச்சி கடலைப் பார்த்துக்கொண்டெல்லாம் நிற்க மாட்டார். ஐம்பத்தெட்டு வயது, 'லிலியஸ்' படகின் தலைவர், ஊர் வாயில் ஸ்கிப்பர், வானிலை பார்க்க வேண்டுமென்றால் போனைப் பார்ப்பார்.

இரண்டாவது: "ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையோரத்தில், வடகடல் வந்து மோதுகிற"

இது பள்ளிக்கூடத்துப் புவியியல் பாடம். அடித்துவிட்டேன்.

மூன்றாவது, எர்ச்சியின் மகள் இஷ்பெல் என்னிடம் சொன்னதை வைத்து. அவள் கணக்கு டீச்சர். சண்டை போடும்போதுகூட எண்ணிக்கையோடுதான் போடுவாள். இது ஓடும் என்று தோன்றியது:

"பதினாலு, அப்பா. எண்ணிட்டேன்" என்றாள் இஷ்பெல்.

எர்ச்சி சூப்பிலிருந்து தலையைத் தூக்கினார். புகைபோட்ட மீன் சூப், அவரே வைத்தது. "என்ன பதினாலு?"

"நீங்க மர்டோவுக்கு வச்சிருக்கிற பேரு. கறுப்புக் கோட்டு. மேடைக்காரரு. மணிவீட்டு ஆளு. ஞாயித்துக்கெழம. நெட்டையன்…"

"நெட்டையன்னா என்ன தப்பு? ஆறடி ரெண்டங்குலம் இருக்காரே."

"அவருக்கு ஒரு பேரு இருக்குப்பா. அதக்கூடச் சொல்ல மாட்டேங்குறீங்க."

"பேரச் சொன்னா தொழிலு ஞாபகம் வருது புள்ள. தொழிலு ஞாபகம் வந்தா வாய் வழுக்கிரும். கூட வர்ற மூணு பயலுகளும் திங்கக்கெழம படகுல ஏறமாட்டானுங்க."

மர்டோ இரண்டு வருடம் முன்னால் எங்கள் ஊர் மணிவீட்டுக்கு வந்தவர். (மணி அடிக்கிற அந்தக் கட்டடத்தையும் பெயர் சொல்ல மாட்டோம், மணிவீடு என்போம்.) இஷ்பெலுக்கும் அவருக்கும் போன மே மாதம் நிச்சயம் ஆனது, வருகிற ஏப்ரலில் கல்யாணம். கல்யாண விருந்தில் பெண்ணைப் பெற்றவர் எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டும், அது வழக்கம்.

"ஒரே ஒரு வரிப்பா" என்றாள் இஷ்பெல். "எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு, இவரு மர்டோ, என் மருமகன், அப்புறம் அவரு என்னவோ அது. அவ்வளவுதான். அது முடியாதுன்னா இங்க கல்யாணம் வேண்டாம். லூயிஸ் தீவுல அவங்க ஊர்லயே வச்சுக்குறோம். அங்க அவர அவரு என்னவோ அதச் சொல்லியே கூப்புடுவாங்க."

"லூயிஸ்லயும் மீன்பிடிக்கிறவனுங்கதான் இருக்கானுங்க."

"இருக்கட்டும். அவங்க யாரும் அவரோட மாமனார் இல்ல."

எர்ச்சி கரண்டியைக் கீழே வைத்தார். "நான் அவரப் பத்தி ஒரு கெட்ட வார்த்த சொல்லியிருக்கேனா?"

"பதினாலு வார்த்த சொல்லியிருக்கீங்க. ஒண்ணுகூட அவரோடது இல்ல" என்று சொல்லிவிட்டு இஷ்பெல் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளுடைய சூப் அப்படியே இருந்தது. எர்ச்சி அதையும் எடுத்துக் குடித்தார். பிடிக்கவில்லை.

3

இங்கே வந்ததும் எழுத்து நின்றுபோய்விட்டது. காரணம் எர்ச்சி. அவர் இதையெல்லாம் நம்புகிறாரா?

"மூடநம்பிக்கைக்காரரான எர்ச்சி" என்று எழுதினேன். அடித்தேன். படகில் இரண்டு திரை வைத்து மீன் கூட்டம் எங்கே போகிறது என்று பார்க்கிற மனிதர். எஞ்சினைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டுவார். "நம்புறேன்னா சொன்னேன்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார். "நம்பல, தங்கச்சி. ஆனா நம்பலங்கிறதுக்காகச் சொல்லிப் பாக்கணுமா?"

அடுத்து, "பிடிவாதக்காரரான எர்ச்சி" என்று எழுதினேன். அதையும் அடித்தேன். பிடிவாதம் இருந்தால் மகள் சூப்பைக் குடித்திருக்க மாட்டார்.

சரி, நான் யோக்கியமா? போன பிப்ரவரியில் ஒரு நாள், புதிதாகச் சேர்ந்த ஆள் ஒருத்தன் படகின் மேல்தட்டில் நின்றுகொண்டு, ரேடியோவில் யார் பேசுகிறார்கள் என்று கேட்டதற்குச் சாதாரணமாக அந்தச் சொல்லைச் சொன்னான். பத்து மணிக்கு வலையிழுக்கிற எந்திரம் ஃபின்லேயின் இடதுகைச் சுண்டுவிரல் நுனியை எடுத்துக்கொண்டது. எந்திரத்துக்கு எண்ணெய் போடாததுதான் காரணம், எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் நம்பவில்லை. எழுதவும் மாட்டேன்.

[குறிப்பு: சிரிக்கிறீர்களா? விளக்கை அணை என்று நம் வீட்டில் யாராவது சொல்வார்களா? அமர்த்து என்போம், குளிர வை என்போம். வாசலில் நின்று போறேன் என்று ஒருத்தி சொல்லட்டும், என்ன நடக்கிறது பாருங்கள். ராத்திரியில் பாம்பு பூச்சியாகிவிடும். என் அத்தை நாற்பது வருடம் கணவர் பெயரைச் சொல்லாமல் குடித்தனம் நடத்தினாள். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் என்ன என்று கேட்டால் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் சொல்ல வேண்டும். அதற்காகவே என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். மாமாவைக் குறிக்க அவளிடம் இருந்த சொற்களை நானே ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். முப்பத்தொன்று. "இவங்க", "வீட்டுல", "உங்க மாமா", "எட்டாம் நம்பர் பஸ்ல வர்றவரு"… சொல்லக்கூடாது என்று ஒரு சொல்லை ஒளித்துவைத்தால், அதன் இடத்தில் முப்பது முளைக்கும். எஃபி இதைப் பட்டாணி போட்டு வரவழைக்கப் பார்த்தாள்.]

4

மர்டோவிடம் எனக்கு வேறு சிக்கல். அவர் கதைக்கு ஒத்துவராத அளவுக்கு நல்லவர். வாசகர்களுக்கு எரிச்சல் வரும். ஒரு குறையாவது வைக்கலாம் என்று தேடினேன். பாட்டு வராது, துதிப்பாட்டு பாடும்போது பக்கத்திலிருப்பவர்கள் சற்றுத் தள்ளி நிற்பார்கள். காரைப் பின்பக்கமாக எடுக்கத் தெரியாது. வெண்ணெய் ரொட்டியை யார் வீட்டில் வைத்தாலும் தட்டு காலியாகும்வரை எழுந்திருக்க மாட்டார். இருபது நிமிடம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு நாற்பது நிமிடம் பேசுவார். போதும் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். படகுக்குப் போகிற வழியில் அவரைப் போன்ற ஒருவர் எதிரே வந்துவிட்டால், எங்கள் ஊர் ஆட்கள் அன்றைக்குத் திரும்பி வீட்டுக்குப் போய்விடுவார்கள். மர்டோ குடியிருக்கிற வீட்டிலிருந்து மணிவீட்டுக்குத் துறைமுகத்தை ஒட்டி ஐந்து நிமிட நடை. படகுகள் கிளம்புகிற திங்கட்கிழமை காலையில் மட்டும் அவர் அந்த வழியில் வருவதில்லை. பின்னால் இருக்கிற மேட்டில் ஏறி, ஆட்டுப்பட்டியைச் சுற்றி, காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் நடந்து போவார். யாரும் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் சொன்னதும் இல்லை. துறைமுகத்திலிருந்து பார்த்தால் மேட்டின் மேல் ஒரு நெட்டை உருவம் போவது தெரியும்.

எர்ச்சி அதைப் பார்த்திருக்கிறாரா என்று எனக்கு அப்போது தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதலாம், கதைதானே. ஆனாலும் இந்த இடத்தில் கை வரவில்லை.

5

ஆகவே, சனிக்கிழமை. கூடத்துச் சுவரில் எஃபி ஒரு பழைய மீன்வலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். ஆளுக்கொரு சொல்லை வீட்டிலிருந்து காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து அதில் குத்த வேண்டும். நனைவதைப் பற்றி மட்டும். எங்கள் ஊரில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் அதற்கு வராது. கடலிலிருந்து வரும் மூட்டத்துக்கு ஒன்று, முகத்தில் மட்டும் படுகிற பிசுபிசுப்புக்கு ஒன்று, நாள் முழுக்க அழுதுகொண்டே இருக்கிற வானத்துக்கு ஒன்று என்று வலையே நிறைந்துவிட்டது. நான் 'தூவானம்' என்று எழுதிக் குத்தினேன். மழை விட்ட பிறகும் காற்றோடு உள்ளே வருகிறதே, அது என்று விளக்கினேன்.

"அட, அதுக்கு உங்க ஊர்ல பேரே இருக்கா?" என்று எர்ச்சி வாயைப் பிளந்தார். "நாப்பது வருசமா அதுல நனையுறேன், பேரு தெரியாம."

இரண்டு மூன்று பேர் 'தூவானம்' சொல்லிப் பழகினார்கள். நாக்கு சுளுக்கிக்கொண்டது. எல்லாருக்கும் சந்தோஷம்.

பிறகு தேநீர், ரொட்டி, ஒரு பெரிய பாத்திரம் நிறைய உருளைக்கிழங்கும் கறியும். பிறகு போட்டி. ஊருக்கு ஒருவர் எழுந்து ஒரு அட்டையை எடுக்க வேண்டும். அட்டையில் ஒரு சொல். அந்தச் சொல்லைச் சொல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் அதற்கு எத்தனை பெயர் சொல்கிறார்களோ அத்தனை புள்ளி. சொன்னதையே திரும்பச் சொன்னால் நடுவர் மணி அடிப்பார். நடுவர் மர்டோ. இரண்டு ஊருக்கும் சேராத தீவுக்காரர் என்று அவரைப் பிடித்துப் போட்டிருந்தாள் எஃபி. இன்வர்டாரிக்காரருக்கு 'மனைவி' என்கிற அட்டை வந்தது. அவர் பதினொன்று சொன்னார். ஒன்பதாவதில் அவர் மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள்.

எங்கள் ஊருக்கு எர்ச்சி. அட்டையை எடுத்தார், பார்த்தார், சுட்டுவிட்ட மாதிரி மேசைமேல் கவிழ்த்தார்.

என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் முடியாது. எஃபி உள்நாட்டுப் பண்ணைக் குடும்பத்துப் பெண். ஆட்டுக்குட்டிகளோடு வளர்ந்தவள். அவளுக்கு அது ஒரு சொல், அவ்வளவுதான். நல்ல கொட்டை எழுத்தில், அழகாக எழுதி, அடியில் கோடு வேறு போட்டு வைத்திருந்தாள். (அந்த அட்டையை எழுதச் சொன்னது இஷ்பெல். எர்ச்சி எடுக்கிற அட்டைக் கட்டின் உச்சியில் வைக்கச் சொன்னதும் அவளே. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "ஊரே கேக்கட்டும், எத்தன பேரு வச்சிருக்காருன்னு" என்று கோபத்தில் செய்தாளாம்.)

"ஆரம்பிங்க ஸ்கிப்பர், நிமிஷம் ஓடுது" என்றாள் எஃபி.

எர்ச்சி கூடத்தைப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் இஷ்பெல் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

"கறுப்புக் கோட்டு" என்றார் எர்ச்சி.

கூடம் புரிந்துகொண்டது. சிரிப்பு வெடித்தது. மர்டோவின் காது இரண்டும் சிவந்தன.

"மேடைக்காரரு. மணிவீட்டு ஆளு. நம்ம ஞாயித்துக்கெழம. நெட்டையன். புஸ்தகக்காரரு. கண்ண மூடுங்கன்னு சொல்லிட்டு, மூடியிருக்கமான்னு பாக்குறவரு. இருபதுன்னு ஆரம்பிச்சு நாப்பதுல முடிக்கிறவரு. ஸ்ருதி சேராதவரு. ரொட்டித் தட்டக் காலி பண்றவரு…"

ஒவ்வொன்றுக்கும் கூடம் கை தட்டியது. இஷ்பெல் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாலு வந்ததும் விரலை மடக்கிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்து அதோடு சரி.

எர்ச்சி நிறுத்தினார். மூச்சு வாங்கினார். இன்னும் கால் நிமிடம் இருந்தது.

"திங்கக்கெழமைல மேட்டு வழியாச் சுத்திப் போறவரு" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. துறைமுகத்து ஆட்கள் எல்லாருமே அந்த நெட்டை உருவத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருத்தரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

"ஃபின்லே வெரலு போனன்னிக்கு, காரப் பின்னாடி எடுக்கத் தெரியாம, ஊரச் சுத்தி முன்னாடியே ஓட்டி ஆஸ்பத்திரி கொண்டுபோய்ச் சேத்தவரு."

ஃபின்லே என் கையைப் பிடித்துக்கொண்டார், அந்தச் சுண்டுவிரல் நுனி இல்லாத கையால்.

"எம் பொண்ண…" என்றார் எர்ச்சி. கவிழ்த்த அட்டையை ஒரு விரலால் நகர்த்தினார். "எம் பொண்ண சத்தம் போட்டுச் சிரிக்க வைக்கிறவரு."

நிமிடம் முடிந்து எத்தனையோ நேரம் ஆகியிருந்தது. மர்டோ மணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எஃபி அவர் முழங்கையில் இடித்த பிறகுதான் அடித்தார்.

பதினேழு. ஸ்கார்நெஸ் ஜெயித்தது.

6

இங்கே முடித்திருக்கலாம். உண்மையில் முடித்தேன்.

முடிவு அ: எர்ச்சி மர்டோவின் தோளில் கை போடுகிறார். எங்கள் ஊரில் மெயர் என்று பதினோரு குடும்பம் இருப்பதால் குடும்பத்துக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. எர்ச்சி குடும்பத்துக்கு 'பட்டன்'. "இனிமே இவரும் மர்டோ பட்டன்" என்று எர்ச்சி அறிவிக்கிறார். பதினெட்டாவது பெயர். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகமும் வந்தது. இஷ்பெலிடம் வாசிக்கக் கொடுத்தேன்.

"இது நடக்கவே இல்லையே" என்றாள்.

"நடக்கல. ஆனா நடந்தா நல்லாருக்கும்ல?"

"பட்டாணி போடுங்க. அக்கா, நான் எங்கப்பாகிட்ட இன்னொரு பேரு கேக்கல. பேரெல்லாம் அவருகிட்ட மூட்ட மூட்டயா இருக்கு. நான் கேட்டது அந்த ஒண்ணு."

முடிவு ஆ: கல்யாணம் லூயிஸ் தீவில். எர்ச்சி 'லிலியஸ்' படகிலேயே போய் இறங்குகிறார், விருந்துக்கு எழுந்து நிற்கிறார், வாயைத்

இதைப் பாதியில் விட்டேன். இஷ்பெல் அழுகிற மாதிரி ஒரு முடிவை, அவள் என் அடுக்களையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது எழுத எனக்குத் தைரியம் இல்லை.

"நடந்ததையே எழுதுங்களேன்" என்றாள் அவள்.

"எப்படி எழுதுறது? திங்கக்கெழம ஃபின்லே போறாரு."

இஷ்பெல் என்னைப் பார்த்தாள். அவளும் அப்பாவைப் படகுக்கு அனுப்புகிறவள்தான். "அப்ப அந்த எடத்துல மட்டும் எடம் விட்டுருங்க" என்றாள்.

7

நடந்தது இது.

மணி அடித்து, கை தட்டி முடித்து, எஃபி பரிசாக ஒரு கொழுத்த அகராதியை எடுத்துக்கொண்டு வரும்போது இஷ்பெல் எழுந்தாள். கண் நிறைந்திருந்தது, கோபம் போயிருந்தது, ஆனால் கணக்கு போகவில்லை.

"பதினேழுப்பா" என்றாள். "பதினேழும் அழகா இருக்கு. இப்பவும் அது வரல."

போட்டி முடிந்துவிட்டது. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. எர்ச்சி அகராதியை வாங்காமல் சுற்றுமுற்றும் பார்த்தார். எதையோ தேடுகிறார் என்று தெரிந்தது.

"என்ன வேணும் ஸ்கிப்பர்?"

"இரும்பு."

கூடத்தில் ஒரு சலசலப்பு. மேசை மரம். நாற்காலி பிளாஸ்டிக். மர்டோ கையிலிருந்த மணியை நீட்டினார்.

"அது பித்தள" என்றார் எர்ச்சி. "செல்லாது."

"டீ பாய்லரு இருக்கே" என்றாள் எஃபி.

"அது ஸ்டீலு" என்றார் ஃபின்லே.

"ஸ்டீலும் இரும்பும் ஒண்ணுதானே?"

"ஒண்ணா? எவன் சொன்னான்?"

"இன்னிக்கு என்ன நாளு? ஒரே பொருளுக்கு ரெண்டு சொல்லு இருந்தா…"

"ஒரே பொருளு இல்லம்மா! ஒரே பொருளா இருந்தா எதுக்கு ரெண்டு சொல்லு?"

இன்வர்டாரிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு ஊரும் சேர்ந்து ஐந்து நிமிடம் இதைப் பற்றிச் சண்டை போட்டது. சுவரோரம் இரும்பு வெப்பக்குழாய் ஒன்று இருந்தது, ஆனால் அது கொதித்துக்கொண்டிருந்தது. குளிர்ந்த இரும்புதான் வேண்டும், அதுதான் விதி என்றார் ஃபின்லே. எஃபி அன்றைக்கு எதிர்பார்த்த கொண்டாட்டம் இதுதான் என்று நினைக்கிறேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அப்போது மர்டோ சட்டைப்பையில் கைவிட்டு ஒன்றை எடுத்தார். பழைய படகு ஆணி. நாலங்குலம், துருப்பிடித்தது.

"இது இரும்புதான்" என்றார். "எங்கப்பாவோட படகுல இருந்தது. உங்க வீட்டுக்கு வர்றப்பல்லாம் எடுத்துக்கிட்டு வருவேன். என்னப் பாத்து யாராவது வாய் தவறிட்டா, உடனே கையில குடுக்கலாமேன்னு."

"எட்டு மாசமாவா?" என்றார் எர்ச்சி.

"எட்டு மாசமா."

"யாரும் தவறலையே."

"இல்ல. பைதான் ஓட்டையாயிருச்சு."

எர்ச்சி ஆணியை வாங்கினார். உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். நல்ல ஆணி. இந்தக் காலத்தில் இப்படி அடிப்பதில்லை. பிறகு இறுக்கிப் பிடித்தார். இஷ்பெலைப் பார்த்தார். அவருக்குப் பயமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. முகம் முழுக்க இருந்தது.

"எல்லாரும் கேளுங்க" என்றார். "இவரு மர்டோ. என் மருமகன். எங்க ஊரு ____________."

அறுபது பேரும் ஒரே நேரத்தில் எழுந்து சுவரோரத்துக்கு ஓடினார்கள். குளிர்ந்த இரும்புதான் வேண்டும் என்று சட்டம் பேசிய ஃபின்லே கொதிக்கிற குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "ஆ, ஆ" என்றார், விடவில்லை. எர்ச்சி அசையாமல் நின்றார். சொல்லி முடித்த பிறகும் கூரை இடிந்து விழவில்லை என்பதை நம்ப முடியாமல் அண்ணாந்து பார்த்தார்.

இஷ்பெல் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு அவரிடம் போனாள். என்ன சொல்லப்போகிறாள் என்று எல்லாரும் காத்திருந்தோம். சுவரில் வலை நிறையச் சொற்கள், மேசைமேல் கொழுத்த அகராதி.

"நல்லாருக்குப்பா" என்றாள்.

எஃபி ஜாடியை நீட்டினாள், விதி விதிதான். இஷ்பெல் ஒரு பட்டாணியை எடுத்துப் போட்டாள்.

8

இன்றைக்குத் திங்கட்கிழமை. 'லிலியஸ்' காலையிலேயே போய்விட்டது. மூன்று பேரும் ஏறினார்கள். ஏறுவார்களா என்று எர்ச்சிக்குக் கடைசிவரை சந்தேகம் இருந்தது. ஃபின்லே ஏறும்போது, "ஆணி எங்க?" என்று கேட்டாராம். எர்ச்சி கழுத்தைத் தொட்டுக் காட்டினாராம். கயிற்றில் கோத்துப் போட்டிருக்கிறார். மேட்டுப் பாதையில் நெட்டை உருவம் போய்க்கொண்டிருந்தது. எர்ச்சி கையை உயர்த்தினார் என்று துறைமுகத்து ஐஸ் ஆலைக்காரர் சொன்னார். நான் பார்க்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே தூவானம் அடிக்கிறது. கதையில் ஒரே ஒரு இடம் காலியாக இருக்கிறது. எர்ச்சி அதை நிரப்பிவிட்டார். இஷ்பெலுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது, கல்யாணம் இங்கேதான். நான்தான் பாக்கி. சொல் கையில் இருக்கிறது, ஐந்து இருக்கிறது, எழுத வரவில்லை.

உங்களால் முடியும். நீங்கள் இந்தக் கடலிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறீர்கள். எங்கள் வீடுகளில் வெறும் கண்ணாடிதான், உங்கள் வீட்டு ஜன்னலில் கம்பி இருக்கும். எழுந்து போய் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்திருக்கிறதா பாருங்கள். பிறகு ஏழாம் பகுதிக்குத் திரும்பி, எர்ச்சி நின்ற இடத்தில் நின்று, அந்தக் கோட்டின் மேல் ஐந்தில் எது உங்கள் வாய்க்கு வருகிறதோ அதைச் சத்தமாகச் சொல்லுங்கள்.

சொன்னதும் கம்பியை விட்டுவிடாதீர்கள். ஃபின்லே வியாழக்கிழமைதான் வருகிறார்.